கட்டிலில் கிடைத்த கதிர்வீச்சு

படக்காரர் மூன்று மாதம் கட்டிலில் கிடந்துவிட்டு இடது காலைத் தரையில் ஊன்றிய முதல் நாளன்று, அவர் அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு வாங்கிவிட்டதாகக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது.

கடிதத்தை முதலில் படித்தவள் அவர் மனைவி. படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, நான் குளிக்கப் போற நேரத்துல எங்கயாவது போயிட்டு வந்தீங்களா?"

கழிவறைக்குப் போவதற்கே அவளுடைய தோளும் எதிர்வீட்டுக்காரர் தோளும் தேவைப்பட்ட மனிதர் என்ன பதில் சொல்வார்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானும் ஒரு தடவை படித்தார். சந்தேகமில்லை. பெயர், எண், பிரிவு எல்லாம் அவருடையவைதான். கதிர்வீச்சு மட்டும்தான் யாருடையது என்று தெரியவில்லை.

அவருடைய தொழில் குழாய்களுக்குப் படம் எடுப்பது. கல்யாணப் படம் எடுப்பவருக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம், இவர் படம் எடுக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. இவரே நிற்கக் கூடாது. இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த இடத்தில் உள்ளுக்குள் ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் பிலிமை ஒட்டுவார். மறுபக்கம், கனமான பெட்டிக்குள் இருக்கும் மிளகு அளவு சோர்ஸை, அதாவது கதிர் வீசும் உலோகத் துண்டை, கம்பி சுற்றி வெளியே தள்ளுவார். மிளகு என்று சொன்னது அளவுக்கு மட்டும். அதன் கதிர் இரும்பையே ஊடுருவிப் போகும். ஆளை ஊடுருவ அதற்குத் தனி அனுமதி தேவையில்லை. பதினெட்டு வருஷமாக உயரமான சாரங்களில் ஏறி இந்த வேலையைப் பார்த்தவருக்குக் கால் முறிந்தது சொந்த வீட்டு வாசற்படியில், செருப்பு மாட்டும்போது.

இந்தத் தொழிலில் ஆளுக்கொரு பேட்ஜ் உண்டு. சட்டைப் பையில் குத்திக்கொள்ளும் சின்ன பிளாஸ்டிக் வில்லை. அது கதிரைத் தடுக்காது. எவ்வளவு பட்டது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வகத்துக்குப் போய் ஞாபகத்தில் உள்ளதைக் கக்கிவிட்டு வரும். பேட்ஜ் தொலைந்தால் பெரிய வம்பு என்பதால், வேலை இல்லாதபோது அதை அலுவலகச் சுவரில் அடித்திருக்கும் ஆணியில்தான் மாட்ட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். இதற்கென்று பதினான்கு விதிகள் எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தப் பதினான்கில் பேட்ஜைப் பற்றிப் பதிமூன்றரை விதி. மீதி அரை விதியில் மனிதன் வந்தான், அதுவும் பேட்ஜைத் தொலைப்பவனாக.

கால் முறிவதற்கு முந்தின நாள் வேலை முடிந்து போகும்போது, படக்காரரும் தன் பேட்ஜை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனார். மற்ற பதினைந்து பேரும் அந்த வாரமே தங்கள் பேட்ஜைக் குத்திக்கொண்டு தொலைதூரத்துக் குழாய் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். தொண்ணூறு நாள் அந்தச் சுவரில் படக்காரர் பேட்ஜ் மட்டும் தனியே தொங்கியது.

ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போய் இதைத்தான் சொன்னார். அதிகாரி கடைசிவரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மேஜையின் மேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்துக்கொண்டார்.

"இதோ பாருங்க, பேட்ஜ் பொய் சொல்லாது. பொய் சொல்ல அதுக்கு என்ன தேவை இருக்கு? குடும்பமா, குட்டியா, பிரமோஷனா? மனுஷன்தான் சொல்லுவான்."

"அது பொய் சொல்லுதுன்னு நான் சொல்லல சார். அது ஆணியில இருந்துது, நான் கட்டில்ல இருந்தேன். அதைத்தான் சொல்றேன்."

"விதி மூணு என்ன சொல்லுது? பேட்ஜ் எப்பவும் அதுக்குரிய ஆளோட உடம்புலதான் இருக்கணும். அப்போ பேட்ஜ் இருந்த இடத்துலதான் நீங்களும் இருந்தீங்க."

"அப்படின்னா நான் மூணு மாசமா ஆணியில தொங்கினேனா சார்?"

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "அதை விசாரணைக் குழுதான் முடிவு பண்ணணும்," என்றார்.

குழு முடிவு செய்யும்வரை படக்காரர் சோர்ஸ் பெட்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. தினமும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கேதான் அவர் மாதங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஆறு மாதம் பெட்டியைத் தொடாதவர்களுக்கு உரிமம் செத்துவிடும். பிறகு புதுப் பையன்களோடு உட்கார்ந்து மறுபடி பரீட்சை எழுத வேண்டும். மூன்று மாதத்தைக் கால் தின்றுவிட்டது. மீதியைக் குழு தின்னப் போகிறது. அந்தப் பரீட்சையை அவர் வாலிப வயதிலேயே மூன்றாவது தடவையில்தான் தேறினார். அது அவருக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். நாற்பத்தாறு வயதில் எத்தனையாவது தடவையில் தேறுவார் என்பது இருவருக்குமே தெரியாது. வேறு தொழிலும் தெரியாது.

குழுவில் மூன்று பேர். பாதுகாப்பு அதிகாரிதான் தலைவர். இரண்டாவது, ஆட்கள் பிரிவு மேலாளர். மூன்றாமவர் எதற்காக வந்தார் என்பது யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் எல்லாக் காகிதத்திலும் முதல் கையெழுத்து அவருடையதாக இருந்தது.

முதல் கூட்டத்திலேயே குழு ஒரு தெளிவான முடிவுக்கு வந்தது. விதிப்படி பேட்ஜ் ஆளோடு இருந்தது. மருத்துவச் சான்றுப்படி ஆள் கட்டிலில் இருந்தார். ஆகவே கதிர்வீச்சு கட்டிலில் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூவரும் கதிர்வீச்சு அளக்கும் மீட்டரோடு படக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கட்டிலின் நான்கு கால்கள், மெத்தையின் மேற்புறம் கீழ்ப்புறம், தலையணை, தலையணைக்கு அடியில் இருந்த வாரப்பத்திரிகை எல்லாவற்றையும் அளந்தார்கள். மீட்டர் வாயே திறக்கவில்லை. மூன்றாமவர் அலமாரியைத் திறந்து படக்காரர் மனைவியின் புடவைகளை அளக்கப் போனபோது அவள் பார்த்த பார்வையில் மீட்டரைத் தானாகவே கீழே இறக்கிக்கொண்டார்.

கதிர்வீச்சு இல்லை என்று தெரிந்ததும் படக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவசரப்பட்டுவிட்டார். அதிகாரி குறிப்பேட்டில் எழுதியதை வாய்விட்டுப் படித்தார்: கட்டிலில் தற்போது கதிர்வீச்சு ஏதுமில்லை, ஆகவே முன்பு இருந்து, பின்பு அகற்றப்பட்டிருக்கிறது. அகற்றியது யார் என்பது தனியே விசாரிக்கப்படும். அதுவரை முன்னெச்சரிக்கையாகக் கட்டிலைச் சுற்றி இரண்டு மீட்டர் தள்ளி மஞ்சள் கயிறு கட்டி, சிவப்புப் பலகை ஒன்றையும் தொங்கவிட்டார்கள். உரிமம் இல்லாதவர்கள் கயிற்றைத் தாண்டக் கூடாது.

அறை மொத்தமே மூன்று மீட்டர்தான். படக்காரரின் மனைவி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, தான் எங்கே படுப்பது என்று விசாரித்தாள். ஆட்கள் பிரிவு மேலாளர், உங்கள் வீட்டுக்காரருக்கு உரிமம் உண்டு, உங்களுக்கு இல்லையே அம்மா என்று வருத்தப்பட்டார்.

"இருபது வருஷமா லைசென்ஸ் இல்லாமத்தான் சார் படுத்துட்டிருக்கேன்," என்றாள் அவள். "இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கல."

அதையும் மூன்றாமவர் குறித்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு அவள் அந்தக் கயிற்றில் ஈரத்துணிகளைக் காயப்போட்டாள். சிவப்புப் பலகையைத் தண்ணீர்ப் பானைக்கு மூடியாக வைத்தாள். இரவு கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து வழக்கம்போல் படுத்துக்கொண்டாள். "கண்டிப்பா வேலை திரும்பக் கெடைக்குமா?" என்று மட்டும் இருட்டில் கேட்டாள். அவர் தூங்கிவிட்ட மாதிரி மூச்சு விட்டார்.

தினமும் பெஞ்சில் உட்காரும் மனிதனுக்கு எதிர்ச் சுவரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. படக்காரர் தன் ஆணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். ஆணிகளுக்கு நேர் கீழே, முதுகு சுவரில் படும்படி உட்கார்ந்திருந்தவள் பேட்ஜ் பதிவேட்டை வைத்திருக்கும் பெண். எல்லோரும் அவளைப் பதிவேட்டம்மா என்பார்கள், வயது இருபத்தேழுதான். எந்தப் பேட்ஜ் எப்போது போனது, எப்போது வந்தது என்று எழுதுவது அவள் வேலை. அவளுக்கென்று பேட்ஜ் கிடையாது. அவள் குமாஸ்தா, கதிர் வேலை பார்ப்பவள் அல்ல.

நான்காம் நாள் படக்காரருக்கு ஒன்று உறைத்தது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சோர்ஸ் பெட்டிகள் வைக்கும் கிடங்கு. பெட்டி எவ்வளவு கனமானாலும் கொஞ்சம் கதிர் கசியத்தான் செய்யும். ஆனால் பெட்டிகள் அங்கே தரைக்கு அடியில், கான்கிரீட் குழிக்குள் அல்லவா இருக்கும்?

"குழிக்குள்ளயா? அதுக்குள்ள தண்ணி பூந்து எவ்வளவு நாளாச்சு!" என்றாள் பதிவேட்டம்மா. "அந்தப் பெரிய மழைல நெறஞ்சிடுச்சு. சைட்டுக்குப் போகாம இங்க இருந்த மூணு பெட்டியையும் தூக்கி இந்தச் செவத்தோரமா பலகை மேல வெச்சிருக்காங்க. தற்காலிகமாத்தான்."

"எப்பம்மா?"

"உங்களுக்குக் கால் ஒடஞ்ச வாரம்ணா."

படக்காரர் ஊன்றுகோலைக்கூட மறந்துவிட்டு நொண்டிக்கொண்டே ஸ்டோருக்குப் போனார். ஸ்டோர்காரர் பழைய சிநேகிதர். கேள்வி கேட்காமல் மீட்டரைக் கொடுத்தார். ஆணியின் அருகே கொண்டுபோனதும், அவர் வீட்டுக் கட்டிலில் ஊமையாக இருந்த மீட்டர் தவளைக் கூட்டம் மாதிரி கத்த ஆரம்பித்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிழைத்தோம். பரீட்சை இல்லை. அந்தச் சந்தோஷத்திலேயே மீட்டரைக் கொஞ்சம் கீழே இறக்கினார், பதிவேட்டம்மாவின் நாற்காலி முதுகுக்கு. கத்தல் குறையவில்லை.

"என்னண்ணா, நல்ல ரிப்போர்ட்டா?" என்று அவள் திரும்பாமலேயே எழுதிக்கொண்டு கேட்டாள்.

அவர் மீட்டரை அணைத்தார். காகிதம் வாங்கி, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மாதத்துக்கு இத்தனை நாள் என்று பெருக்கிப் பார்த்தார். பயப்படுகிற அளவு இல்லை. ஆனால் அவள் வாங்கியிருக்கவே வேண்டாத அளவு. அதை அப்படியே அவளிடம் சொல்லி, எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்காரச் சொன்னார். எழுந்திருக்கப் போனவள், பாதியில் நின்றாள். பேட்ஜ்களை விட்டுக் கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் நகரக் கூடாது என்பது பதினொன்றாவது விதி. போன வருஷம் தண்ணீர் குடிக்கப் போனதற்கே அவளுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள்.

பாதுகாப்பு அதிகாரி சத்தம் கேட்டு வந்தார். வாசற்படியிலேயே நின்றுகொண்டு படக்காரர் சொன்னதையெல்லாம் கேட்டார். அவருக்கு வந்த கோபம் நியாயமானது என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

"இது ஆபீஸ். வரைபடத்துல பச்சைக் கலர் அடிச்சிருக்கு, நானே அடிச்சது. பச்சைன்னா கதிர்வீச்சு இல்லாத இடம். கதிர்வீச்சு இல்லாத இடத்துக்கு நீங்க எதுக்கு மீட்டரைக் கொண்டு வந்தீங்க? இத்தனை வருஷத்துல இந்த ரூம்ல ஒரு தடவையாவது ரீடிங் வந்திருக்கா? நீங்க மீட்டரைக் கொண்டு வந்தப்புறம்தானே வருது?"

அந்த அறையில் இதற்குமுன் யாரும் மீட்டரைக் காட்டியதே இல்லை என்று படக்காரர் சொன்னார். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றார் அதிகாரி. அனுமதியின்றி மீட்டர் எடுத்தது இரண்டாவது குற்றமாகக் கோப்பில் சேர்ந்தது. மீட்டரை ஸ்டோரில் வைத்துப் பூட்டினார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்குப் படக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். மேஜையில் ஒரு காகிதம் தயாராக இருந்தது. ஆட்கள் பிரிவு மேலாளர் அதை அன்பாக அவர் பக்கம் நகர்த்தினார். பேட்ஜை நான் விளையாட்டாகப் பெட்டியின் மேல் வைத்துவிட்டேன், இனிமேல் செய்யமாட்டேன் என்று நான்கு வரி. கையெழுத்துப் போட்டால் கதிர்வீச்சு அளவு ரத்து, கயிறு ரத்து, திங்கட்கிழமை வேலை.

படக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். இதை அவர் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. நான்கு வரிப் பொய்தானே, கால் ஒடிந்த கதையைக்கூட லாரி மோதியதாகத்தான் பாதிப் பேரிடம் சொல்லியிருந்தார். பேனா காகிதத்தைத் தொடும் நேரத்தில் தலையை நிமிர்த்தினார்.

"கையெழுத்துப் போட்டுட்டா அந்தச் செவரு என்ன சார் ஆகும்?"

"செவருக்கு என்ன?" என்றார் அதிகாரி. "செவர் மேல புகாரே கெடையாதே. காரணம் கெடச்சிடுச்சு, ஃபைலை மூடிடுவோம்."

படக்காரர் மூடியைத் திரும்ப மாட்டினார். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசிப் பார்த்தார். அவள் பேட்ஜ் இல்லாதவள் என்பதால் அவளுக்குக் கதிர்வீச்சு பட்டதற்கு ஆதாரம் ஏதுமில்லை என்று மூவரும் ஒருமனதாகச் சொன்னார்கள். பதினெட்டு வருஷ அனுபவத்தில் அவருக்கு ஒன்று அப்போதுதான் புரிந்தது: இங்கே மனிதனுக்காகப் பேசி ஒன்றும் ஆகாது.

"சரி சார். அடுத்த வாரம் சைட்லேர்ந்து பதினஞ்சு பேர் திரும்பி வராங்க," என்றார். "பேட்ஜும் வரும். வந்து அதே ஆணியில தொங்கும். அடுத்த ரிப்போர்ட்ல பதினாறு பேட்ஜுக்கும் இதே கதிதான். பேட்ஜை நெனச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு."

மூவரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள். பதினாறு கடிதம், பதினாறு கட்டில், முப்பத்திரண்டு காகிதத்தில் கையெழுத்து. மூன்றாமவர் முதன்முறையாக வாயைத் திறந்து, கயிறு அவ்வளவு இல்லை என்றார்.

பத்தே நிமிஷத்தில் தீர்மானம் நிறைவேறியது. பேட்ஜுகளின் நலன் கருதி, அவை உடனடியாக எதிர்க் கட்டடத்துக் குளிரூட்டிய அறைக்கு மாற்றப்படும். கூட்டம் கலையும் நேரத்தில், பதினொன்றாவது விதிப்படி பேட்ஜுகள் அங்கே தனியாக இருக்கலாமா என்று படக்காரர் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார். கூடாது என்றார் அதிகாரி, தனக்கே தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துகொண்டு. அன்று மதியமே பதிவேட்டம்மா பதிவேட்டையும் ஒற்றைப் பேட்ஜையும் மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்குப் போனாள். போகும்போது அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

காகிதத்தில் கையெழுத்துப் போடாதவரைச் சும்மா விடமுடியுமா? மறுநாள் அவருக்குப் புது உத்தரவு வந்தது. அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு வாங்கியவர் என்பதால், அவரைக் கதிர்வீச்சிலிருந்து முற்றிலும் விலக்கிவைக்கும் பொருட்டு, இனி அவர் அலுவலக வேலை பார்ப்பார். காலியாக இருந்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான். சுவரோரத்து நாற்காலி.

அங்கே உட்கார்ந்தால் தனக்கு ஒரு பேட்ஜ் தருவார்களா என்று கேட்டுப் பார்த்தார். அலுவலக ஊழியர்களுக்குப் பேட்ஜ் இல்லை என்று பதில் வந்தது. படக்காரர் நாற்காலியைத் தூக்கித் தாழ்வாரத்தில் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்து எழுதினார். உரிமம் சாக இன்னும் பத்து வாரம் இருந்தது.

இருக்கையை விட்டு அகன்றதற்காக மெமோ தயாரானது. மெமோவை ஊழியர் இருக்கையில் இருக்கும்போது, அதிகாரி நேரில் நின்று படித்துக் கொடுக்க வேண்டும் என்பது நடைமுறை. அதிகாரி காகிதத்தோடு வந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டு உட்காரும்படி உத்தரவிட்டார்.

படக்காரர் மறுக்கவில்லை. ஒரு நிமிஷம் அங்கே உட்காருவதால் ஒன்றும் ஆகாது என்று தொழில் தெரிந்தவருக்குத் தெரியும். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, முதுகைச் சாய்த்து, நன்றாக உட்கார்ந்துகொண்டார். அறையில் மீதி இருந்த ஐந்து பேரும் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"வாங்க சார், வந்து படிங்க."

அதிகாரி உள்ளே ஓர் அடி வைத்தார். படக்காரரைப் பார்த்தார், அவர் முதுகுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். வைத்த காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தாழ்வாரத்தில் நடந்து, அதன் கோடியில் இருந்த பருத்த கான்கிரீட் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். தூணுக்கு வெளியே காகிதமும் மூக்கின் நுனியும் மட்டும் தெரிந்தன. பதினெட்டு வரி மெமோவை மூச்சு விடாமல் இருபது விநாடியில் படித்து முடித்தார்.

இந்தத் தொழிலில் சேரும் முதல் நாளே மூன்று விஷயம் சொல்லிக் கொடுப்பார்கள்: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் கனமாக எதையாவது வை. மூன்றையும் ஒருசேர இத்தனை சுத்தமாகக் கடைப்பிடித்த ஒருவரைப் படக்காரர் அன்றுதான் பார்த்தார்.

"கேட்டுதா?" என்று தூண் கேட்டது.

"சரியா கேக்கல சார். கிட்ட வந்து இன்னொரு தடவை படிங்க."

தூண் நகரவில்லை. பிறகு மூலை மேஜையில் இருந்த பெரியவர், ஓய்வு பெற இரண்டு மாதமே இருந்தவர், எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். அவருக்குப் பின்னால் மற்ற நான்கு பேர். தாழ்வாரத்தின் கோடிக்குப் போய், தூணுக்குப் பின்னால், அதிகாரியின் முதுகுப்பக்கமாக வரிசையாக நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியாகப் படக்காரரும் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதிகாரிதான் நின்றுகொண்டிருந்தார், தூண் ஒன்றுதான் இருந்தது, அதை விட்டு அவரால் நகர முடியவில்லை.

அன்று பிற்பகல் குழியில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். முழுதாக முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று பெட்டிகளும் குழிக்குள் போயின. சுவரை அளக்க, பூட்டைத் திறந்து மீட்டரை எடுத்தார்கள். பதிவேட்டம்மாவை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், சரியாக இருக்கிறது என்று வந்தது.

உரிமம் சாகப் பதினொரு நாள் இருக்கும்போது படக்காரரை மீண்டும் வேலையில் சேர்க்கும் உத்தரவு வந்தது. தவறு என்ற சொல்லோ, சுவர் என்ற சொல்லோ, வருத்தம் என்ற சொல்லோ அதில் இல்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. குழு நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, மேற்படி ஊழியர் விடுப்பில் இருந்தபோது விடுப்பில்தான் இருந்தார் என்று, இதை ஒரு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையுடன், ஏற்றுக்கொண்டிருந்தது.